அப்பாவைப் பார்த்தபடி ஒற்றைக்காலில்

"ரத்தோட்டை பஸ்ஸுல ரெண்டு கையாலயும் கம்பியப் புடிச்சிக்கிட்டே அடுத்தவங்க மடியில விழுறவ நீ. நீயா கம்பி இல்லாம ஒத்தக்கால்ல நிக்கப் போற?"

பாலே நடன வகுப்பில் சேர்ந்துவிட்டேன் என்று சொன்னபோது அம்மா கேட்டது இது. (விழுந்தது ஒரே ஒரு தடவை. அந்த மனிதரும் மன்னித்துவிட்டார்.)

எங்கள் குடும்பத்தில் முழுதாகப் பள்ளிக்கூடம் படித்த முதல் ஆள் நான். இப்போது மாத்தளையில் ஆசிரியை. எதையும் படித்தால் வந்துவிடும் என்ற திமிர் எனக்கு உண்டு. டவுன் மண்டபத்தில் சனிக்கிழமை ஆரம்ப வகுப்பு நடப்பதை அறிந்ததும் போய்ச் சேர்ந்தேன். கூடப் படித்தவர்களுக்கு எட்டு, ஒன்பது வயது. கீரைப் பாத்தியில் முளைத்த தென்னை மாதிரி நடுவில் நான்.

சுவரோரக் கம்பியைப் பிடித்திருந்தவரை நான் கெட்டிக்காரி. கையை எடுக்கச் சொன்ன நாளில் தெரிந்தது, இத்தனை காலமும் நின்றது நான் அல்ல, கம்பிதான்.

"வயித்த உள்ளுக்கு எடுங்க, தோளக் கீழ விடுங்க," என்பார் டீச்சர். "அசையாத ஒரு எடத்தப் பாருங்க. கண்ணு அலைஞ்சா ஒடம்பும் அலையும்."

வீட்டில் பல் துலக்குவதும் ஒற்றைக்காலில் என்றானது. "கொக்கு வந்துருச்சி, மீனு இருந்தா போடுங்க," என்பார் அம்மா.

பெற்றோர் முன்னால் ஒவ்வொருவராக நடுவில் நின்று காட்டும் நாள் வந்தது. இசை முடியும்வரை நிற்பவருக்கு அடுத்த வகுப்பு. மற்றவர்கள் இன்னொரு வருடம் கம்பியோடு. "நீ விழுறதத்தான் வீட்டுலயே பாக்குறேனே," என்று அம்மா வரவில்லை. தேயிலைத் தொழிற்சாலையில் லீவு சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டு அப்பா வந்தார்.

என் முறை. ஒரு பாதத்தை முழங்காலுக்குத் தூக்கி, குடத்தை அணைப்பதுபோல் கைகளை வளைத்தேன். பார்வைக்கு அசையாத ஒன்று வேண்டும். சுவரைப் பார்த்தால் பல்லி ஓடியது. ஜன்னலில் திரை ஆடியது. மூன்றாம் வரிசையில் அப்பா, முழங்கால்களில் கை வைத்து, இமைக்காமல் உட்கார்ந்திருந்தார். மண்டபத்தில் அவ்வளவு அசையாத பொருள் வேறில்லை. அவரையே பார்த்தேன்.

நின்றேன்! நம்புங்கள், சிலை மாதிரி நின்றேன். பாதி இசை போயிருக்கும். அப்போது நான் பார்த்துக்கொண்டிருந்த இடம் எழுந்து நடக்கத் தொடங்கியது.

என் கண் அப்பாவின் பின்னால் போனது. தலை கண்ணின் பின்னால் போனது. மிச்சம் இருந்த நானும் போனேன்.

"புடிச்சிக்க புள்ள, புடிச்சிக்க!" என்று தோளை நீட்டியபடி அவர் ஓடி வந்தார். பிடித்தேன். இருவரும் தரையில் உட்கார்ந்தோம். இதுவும் நடனம்தான் என்று நினைத்துச் சின்னப்பிள்ளைகள் கைதட்டினார்கள்.

"ஏம்ப்பா வந்தீங்க?"

"நீதான கூப்ட்ட."

"நானா?"

"கண்ண முழிச்சி என்னையே பாத்தியே. ஆபீஸ்ல எல்லாம் அப்புடித்தான பாப்ப?"

உண்மைதான். பள்ளியில் சேர்ந்தபோதும், அடையாள அட்டைக்குப் போனபோதும், கேம்பஸில் பதிந்தபோதும், பயம் வந்தால் திரும்பி அவரைப் பார்ப்பேன். அவருக்கும் அங்கே ஒன்றும் விளங்காது. ஆனாலும் எழுந்து வந்து பக்கத்தில் நிற்பார். இன்றைய பார்வை வேறு என்று அவருக்கு யார் சொன்னது? எனக்கு வந்த கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது.

டீச்சர் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, "அடுத்த சனிக்கிழமை இன்னொருக்கா நில்லுங்க. எந்திரிச்சி வராத எதையாவது பாருங்க," என்றார்.

அந்தச் சனிக்கிழமை ஜன்னல் கொண்டியைப் பார்த்து, இசை முடியும்வரை நின்றேன். இப்போது அடுத்த வகுப்பில் இருக்கிறேன்.

இன்றும் சாப்பிடும்போது நான் அப்பா பக்கம் தற்செயலாகத் திரும்பினால் போதும். "பாத்துட்டா! எந்திரிங்க, ஓடுங்க!" என்று அம்மா தொடங்கிவிடுவார். அப்பா பாதி எழுந்தும்விடுவார்.

வருட இறுதி மேடைக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். தனியாக நிற்கும் பகுதியைக் கேட்டு வாங்கியிருக்கிறேன். அப்பாவுக்கு முன்வரிசை. பக்கத்தில் அம்மா, அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்ள.