மான் அண்ணை கொடுத்த வாக்குமூலம்

டொரொன்ரோத் தமிழரில், தன்னைப் பிடிக்கத் தானே அதிகாரியைக் கூப்பிட்டு, அவர் வரும்வரை குளிரில் காத்து நின்ற ஒரே மனிதர் எங்கள் மான் அண்ணைதான்.

தொண்ணூறுகளில் ஸ்காபரோவில் என்னோடு ஒரே அறையில் இருந்தார். கார்ப் பரீட்சையில் திரும்பும்போது கண்ணாடி பார்க்க மறந்தார், பரீட்சகர் கவனிக்கவில்லை. இவரே அதைச் சொல்லி, ஃபெயிலாகி, பஸ்ஸில் வீடு வந்தார். வீட்டில் எத்தனை பேர் என்று கட்டடப் பொறுப்பாளர் சும்மா கேட்டதற்கு “ஏழு” என்றார். அடுத்த மாதம் ஏழு பேரும் வேறு வீடு தேடினோம்.

பிறம்ரன் கிடங்கில் கூட வேலை செய்த வெள்ளைக்காரர் ஒருவர் இவருக்கு வேட்டையைப் பழக்கிவிட்டார். லைசென்ஸும் கிடைத்தது. ஊர் வழக்கப்படி பங்கு இறைச்சி என்று அறிவித்ததும், மான் காட்டில் மேய்ந்துகொண்டிருக்கும்போதே பதினாறு பங்கும் முடிந்துவிட்டது. கீழ்வீட்டு அன்ரி எலும்போடு வேண்டுமென்று சொல்லியனுப்பினா.

அவருடைய அனுமதி கொம்புள்ள ஆண்மானுக்கு மட்டும். துணைக்கு நானும் போயிருந்தேன். சுட்டார், ஓடிப்போய்ப் பார்த்தோம். கொம்பென்று அவர் கண்டது பின்னால் நின்ற மரத்தின் காய்ந்த கிளை. விழுந்து கிடந்தது பெண்மான்.

அவருடைய மனைவியும் மகளும் கனடா வருவதற்கான ஸ்பொன்சருக்காக நான்கு வருடமாகக் கொழும்பில் காத்திருந்தார்கள். வழக்கு விழுந்தால் அந்த ஃபைல் என்னாகும்?

“அண்ணை, தறப்பாளால மூடிக் கொண்டுபோவம். ஆர் பாத்தது?”

“நீ பாத்தனி.”

“நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்!”

“உதுதான்ரா பிழை. என்ரை பிழையை நீ ஏன் காவித் திரியவேணும்?”

பெற்றோல் நிலையத்திலிருந்து ரெலிபோன் எடுத்தோம். வனவிலங்கு அதிகாரி வந்தார். மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது. “வெளிச்சம் போதவில்லையாம்” என்று ஆங்கிலத்தில் சமாளித்தேன்.

“நோ. குட் லைற்,” என்றார் அண்ணை.

“வெகுதூரமாம்” என்றேன்.

“நோ. வெரி நியர்.”

அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மானைப் பறிமுதல் செய்தார். தானே சொன்ன மனிதருக்கு இது போதும் என்று எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிட்டார். எங்கள் கட்டடத்தில் அந்த இரக்கம் கிடைக்கவில்லை. பதினாறு வீட்டிலும் வெங்காயம் வெட்டியாகிவிட்டது. “எலும்பையாவது கேட்டு வாங்கியிருக்கலாமெல்லோ?” என்றா அன்ரி. அன்றிலிருந்துதான் அவர் மான் அண்ணை.

அதோடு விட்டாரா? அந்தக் கடிதத்தின் பிரதியை ஸ்பொன்சர் ஃபைலுக்கு அனுப்பப் புறப்பட்டார். “அவங்கள் கேக்க முந்தி நாங்கள் சொல்லிப்போடவேணும்” என்று கவரை ஒட்டி, தபாலில் போடச் சொல்லி என்னிடம் தந்தார்.

அடுத்த கோடையில் இருவரும் வந்து இறங்கினார்கள். முதலில் தாயின் பின்னால் ஒளிந்த மகள், பிறகு ஓடிவந்து அவர் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அண்ணை அழுதுகொண்டே என்னைப் பார்த்து, “பாத்தியே, உண்மையைச் சொன்னா விடுவாங்கள்!” என்றார். நானும் தலையாட்டினேன்.

அண்ணை, இந்தப் பத்திரிகையை நீங்கள் ஒரு வரி விடாமல் வாசிப்பீர்கள் என்று தெரியும். அந்தக் கவர் இன்னும் என் மேசை லாச்சிக்குள் கிடக்கிறது. நானே வந்து சொல்லிவிட்டேன். எனக்கும் கொஞ்சம் இரக்கம் காட்டுங்கள். அந்தப் பிள்ளை உங்களிடம் வந்து சேரவேண்டுமென்று எனக்கு அவ்வளவு ஆசையாக இருந்தது.