பஞ்சுமிட்டாய் சாரின் உயிருள்ள கம்ப்யூட்டர்

வியர்த்து வழிகிற, தும்முகிற, ஒரு மணியானால் பசிக்கிறது என்று நின்றுவிடுகிற கம்ப்யூட்டரை இந்த உலகத்தில் இயக்கிக் காட்டிய ஒரே மனிதர் எங்கள் பஞ்சுமிட்டாய் சார்தான். அந்தக் கம்ப்யூட்டரில் நாற்பது பாகங்கள். நாற்பதும் நாங்கள். அதில் இரண்டு பாகங்களுக்குக் காதல் தோல்வி வேறு.

எண்பதுகளின் நடுவில், மதுரைக்கு வெளியே திருமங்கலம் ரோட்டில் இருந்த எங்கள் கல்லூரியில் கம்ப்யூட்டர் படிப்பு ஆரம்பித்தார்கள். பாடம் இருந்தது, மாணவர்கள் இருந்தோம், கம்ப்யூட்டரும் ஒன்று வந்தது. வந்த அன்றே அதை ஏ.சி. அறையில் வைத்துப் பூட்டிச் சாவியைப் பிரின்சிபால் தன் இடுப்பு பெல்ட்டில் மாட்டிக்கொண்டார். கதவில் சின்னக் கண்ணாடி ஜன்னல் உண்டு. செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்று, அது வழியாகப் பார்க்கலாம். மீனாட்சி கோவிலில்கூட இன்னும் கொஞ்சம் கிட்டே போக விடுவார்கள்.

பாடம் நடத்த ஆள் வேண்டுமே. பிசிக்ஸ் டிபார்ட்மென்டில் ஒல்லியாக, சட்டைப் பையில் நான்கு பேனாவோடு திரிந்த ஒருவரைப் பிடித்து ஆறு வாரம் சென்னைக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது அவர் கையில் ஒரு பித்தளை மணி இருந்தது. பஞ்சுமிட்டாய் விற்பவர் ஆட்டுவாரே, அதே மணி.

"கம்ப்யூட்டருக்குள்ள ஒரு கடிகாரம் இருக்குடா. அது அடிக்க அடிக்கத்தான் எல்லாம் நடக்கும். ஒரு அடிக்கு ஒரு வேலை. அம்புட்டுதான் கம்ப்யூட்டர்!" என்று வகுப்பில் அதை ஆட்டினார். பக்கத்துக் குடியிருப்பிலிருந்து ஏழெட்டுக் குழந்தைகள் ஓடி வந்து ஜன்னலில் தொங்கின. அன்று மதியமே பெயர் வைத்துவிட்டோம்.

அவருக்கு வீடு திருநகரில். ஒரு சாயங்காலம் டவுன் பஸ்ஸில் என்னைப் பிடித்துக்கொண்டார். "இதுவும் பஸ்ஸு, மெஷினுக்குள்ள ஓடுறதும் பஸ்ஸு. ஏறுற டேட்டா எங்க இறங்கணும்னு தெரிஞ்சிருக்கணும். அட்ரஸ் முக்கியம்டா, அட்ரஸ் தப்புனா எல்லாம் போச்சு!" கம்பியைப் பிடித்திருந்த கையையும் விட்டுவிட்டு விளக்கிக்கொண்டே வந்தார். கண்டக்டர் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அண்ணே, நீங்க இறங்க வேண்டிய திருநகர் போயி அரைமணி நேரமாச்சு. இது திருமங்கலம்."

வகுப்பறையில் பாதிப் பேர் தூங்குவதைப் பார்த்த பிறகுதான் அவர் எங்களை மைதானத்தில் இறக்கினார். முப்பத்திரண்டு பேர் ஆளுக்கொரு சிலேட்டோடு வரிசையாக உட்கார்ந்தால் அது மெமரி. ஒருவன் அடுத்த கட்டளை எந்தச் சிலேட்டில் இருக்கிறது என்று விரல் நீட்டுவான். இருவர் துண்டுச் சீட்டைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள், அவர்கள்தான் பஸ். கூட்டிக் கூட்டி விடையைக் கையில் வைத்திருக்க வேண்டிய அக்குமுலேட்டர் வேலை, கணக்கில் எங்கள் வகுப்பிலேயே கடைசியான மாயாண்டிக்கு.

"சார், எனக்குக் கூட்டலே வராது சார்!"

"ரொம்ப நல்லது. மெஷினுக்கும் எதுவும் தெரியாது. நீதான் பொருத்தம்."

எனக்குக் கிடைத்தது ஸீரோ ஃப்ளாக். என் பக்கத்தில் இருந்தவன் எண்ணிக்கையை ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வருவான். அது சைபரானதும் நான் ஒரு சிவப்புத் துண்டைத் தூக்கிக் காட்ட வேண்டும். உடனே மெஷின் நிற்கும். அதைத் தவிர எனக்கு வேறு வேலையில்லை. என் திறமையை அவர் அவ்வளவு சரியாக எடைபோட்டிருந்தார்.

இந்த நிலையில்தான் படிப்புக்கு அங்கீகாரம் கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்க மூன்று பேர் கொண்ட குழு வருவதாகச் செய்தி வந்தது. கொடுக்காவிட்டால் எங்கள் மூன்று வருடமும் காற்றில் போன மாதிரிதான். பிரின்சிபால் சட்டை மாற்றிக்கொண்டு காத்திருந்தார். குழு வந்து இறங்கிய ஐந்தாவது நிமிடம் கரன்ட் போனது.

"கம்ப்யூட்டர் இல்லாம என்னத்த காட்டுறது?" என்று பிரின்சிபால் கையைப் பிசைந்தார்.

பஞ்சுமிட்டாய் சார் மணியை எடுத்தார். "வெளிய வாங்க சார். நம்ம கம்ப்யூட்டருக்குக் கரன்ட் வேணாம்."

பிரின்சிபால் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. ஆனால் குழுத் தலைவர், கட்டையான மீசைக்காரர், ஆர்வமாக மைதானத்துக்கு வந்துவிட்டார். நாங்கள் இடத்தில் உட்கார்ந்தோம். "பதிமூணை ஏழால பெருக்கச் சொல்லுங்க பார்ப்போம்" என்றார் தலைவர்.

மணி அடித்தது. விரல் நீண்டது. பஸ் ஓடியது. பதிமூன்று, இருபத்தாறு, முப்பத்தொன்பது என்று மாயாண்டி பல்லைக் கடித்துக் கூட்டினான். ஏழு முறை கூட்டி, என் பக்கத்துப் பையன் ஏழிலிருந்து சைபருக்கு இறங்கியதும் நான் துண்டைத் தூக்க வேண்டும். அந்த நேரம் பார்த்துக் குழுவுக்காகக் கேன்டீனில் உளுந்த வடை போட ஆரம்பித்தார்கள்.

மெஷின் நிற்கவில்லை. மாயாண்டி நூறைத் தாண்டினான். இருநூறைத் தாண்டினான். பஸ் இரண்டுக்கும் நாக்குத் தள்ளியது. சார் மணியை ஆட்டிக்கொண்டே இருந்தார். குழுவின் தலையில் வெயில் ஏறியது.

"இது எப்ப நிக்கும்?" என்று தலைவர் கேட்டார்.

"நிக்காது சார்!" பஞ்சுமிட்டாய் சார் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "முடிவில்லாத லூப்புல விழுந்துருச்சு. இதை எப்படிடா புரிய வைக்கிறதுன்னு ஒரு வருஷமாத் தவிச்சேன். இன்னிக்குத் தானா நடந்துருச்சு! எங்க கோளாறுன்னு நீங்களே கண்டுபிடிங்களேன்."

பிரின்சிபால் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டார். தலைவரோ பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு எங்கள் வரிசைக்குள் இறங்கிவிட்டார். ஒவ்வொரு சிலேட்டாகப் பார்த்தார். மாயாண்டியிடம் முந்நூற்றைம்பத்தொன்று இருந்தது. என் பக்கத்துப் பையனிடம் மைனஸ் இருபது. அப்புறம் என் முன்னால் வந்து நின்றார்.

"தம்பிக்கு என்ன வேலை?"

"ஸீரோ ஃப்ளாக் சார்."

"சைபர் வந்துச்சே, பார்க்கலையா?"

"வடை வாசம் வந்துச்சு சார்."

மற்ற எல்லாரும் சிரித்தார்கள். மெமரி முழுவதும் கலைந்தது. என் படிப்பு, எல்லார் படிப்பும் அங்கேயே முடிந்தது என்று நினைத்தேன். பஞ்சுமிட்டாய் சார் வந்து என் தோளில் கை போட்டார். "பாத்தீங்களா சார்? அம்புட்டுப் பேரும் ஒழுங்கா வேலை பாத்தும், ஒரே ஒரு பிட்டு தூங்கினா மொத்த மெஷினும் போச்சு. இவன் இன்னிக்குக் கத்துக்குடுத்ததை நான் பத்து வகுப்புல கத்துக்குடுத்திருக்க மாட்டேன்." பிறகு என் காதில், "மறுபடி ஓட்டுறோம். வடை எங்கயும் போகாது" என்றார்.

மறுபடி ஓட்டினோம். துண்டை நான் தூக்கிய வேகத்தில் அது பறந்து தலைவர் தோளில் விழுந்தது. மாயாண்டி சிலேட்டைத் தூக்கினான்: தொண்ணூற்றொன்று. குழு கைதட்டியது.

மூன்று மணிக்குக் கரன்ட் வந்தது. தலைவர் ஏ.சி. அறையைத் திறக்கச் சொன்னார். உள்ளே கம்ப்யூட்டர் பிளாஸ்டிக் உறையோடு, நெற்றியில் சந்தனம் குங்குமத்தோடு உட்கார்ந்திருந்தது.

"இதை யாராச்சும் தொட்டிருக்கீங்களா?"

"ஆயுத பூஜைக்குத் தொட்டோம் சார்" என்றார் பிரின்சிபால்.

அங்கீகாரம் கிடைத்தது. ஒரே நிபந்தனை: அந்த அறை தினமும் மாணவர்களுக்குத் திறந்திருக்க வேண்டும். சாவி பெல்ட்டிலிருந்து இறங்கியது.

மறுநாள் பஞ்சுமிட்டாய் சார் எங்களை உள்ளே அழைத்துப் போனார். நாங்கள் சுற்றி நின்றோம். அவர் நாற்காலியில் உட்கார்ந்து, கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அடிங்க சார்" என்றான் மாயாண்டி.

"இருடா, வாரேன். சென்னையில அறுபது பேருக்கு ஒரு மெஷினு. நான் கடைசி வரிசை." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இப்பத்தான் தொடப் போறேன்."

அவர் ஆள்காட்டி விரல் கீபோர்டின் மேல் இங்கும் அங்கும் அலைந்து, தன் பெயரின் முதல் எழுத்தைத் தேடியது. அது கிடைக்கும் வரை நாங்கள் நாற்பது பேரும் ஜன்னலுக்கு வெளியே ஏதோ இருப்பதுபோல் திரும்பி நின்றுகொண்டோம்.