எட்டு சிலிண்டர் சங்கத்தின் ஆட்டையாம்பட்டிப் பயணம்

உலக மோட்டார் பந்தய வரலாற்றை எழுதிய மேதைகள் அனைவரும் ஒரு பெருங்குற்றம் செய்திருக்கிறார்கள். சேலம் ஜில்லா, வெண்ணந்தூர்ப் பக்கத்தில் இயங்கிய எங்கள் 'அதிவேக மோட்டார் ரசிகர் சங்க'த்தைப் பற்றி ஒருவர்கூட ஒரு வரி எழுதவில்லை. எழுதமாட்டார்கள், பொறாமை! ஆகவே சங்கத்தின் செயலாளரும் சொசைட்டி கிளார்க்குமான தீர்த்தகிரியாகிய நான், அந்த வரலாற்றுக் கடமையை நானே தலையில் போட்டுக்கொண்டேன்.

சங்கத்தில் உறுப்பினர் ஐந்து பேர், கார் ஒன்று. அது தலைவர் நாச்சிமுத்துக் கவுண்டருடையது. ஏற்காட்டு எஸ்டேட் துரை ஒருவர் சீமைக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போன எட்டு சிலிண்டர் அமெரிக்கக் கார். துரை ஏன் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார் என்பது இன்றுவரை ஆய்வுக்குரியது. தலைவர் வாலிபத்தில் சோழவரம் பந்தயத்தை 'நேரில்' கண்டவர். அதாவது, வேலிக்கு வெளியே ஒரு வேப்பமரத்தின் மேலிருந்து. அன்றிலிருந்து பிரேக் பிடிப்பதை வேகத்துக்குச் செய்யும் துரோகமாகவே கருதி வந்தார். காரின் பிரேக்கும் காலப்போக்கில் அவர் கருத்துக்கே வந்துவிட்டது.

1984 ஆவணி மாதக் கூட்டத்தில் நவீன வாகனங்களைக் கண்டித்துத் தீர்மானம் கொண்டுவரப்பட்டது.

"இப்ப ஒரு குட்டிக் காரு வந்திருக்குதே, அதெல்லாம் ஒரு வண்டியா?" என்றார் தலைவர். "கதவைச் சாத்துனா தகர டப்பா. ஓடறப்ப சத்தமே இல்ல. சத்தமில்லாமப் போனா, போனதை எவன் நம்புவான்?"

"பெட்ரோலும் கம்மியாத்தான் குடிக்குதாமுங்க" என்றேன்.

"அப்பறம் அதுக்கு எங்கிருந்து தெம்பு வரும்?"

ஒருமனதாகக் கை தட்டினோம். அப்போது தலைவரின் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஆண்டி வந்து நின்றான். தினமும் காரைத் தள்ளிக் கிளப்புவது அவன்தான். சங்க ஏடுகளில் அவன் 'பின்புற உந்துவிசை' என்று குறிப்பிடப்படுவான்.

"நாளான்னைக்கு எந்தங்கச்சி குஞ்சம்மா புள்ளைக்கு ஆட்டையாம்பட்டியில காது குத்துங்க" என்றான். "ஒம்பது வருசம் கழிச்சுப் பொறந்த புள்ளைங்க. ஒரே மாமன் நானு. எம்மடியில வச்சுத்தான் குத்தோணும். ஒம்பதரையோட நல்ல நேரம் முடியுது, எட்டரை பஸ்ஸுக்குப் போயர்றனுங்க."

"தாய்மாமன் டவுன் பஸ்ஸுலயா போறது? நம்ம கார்ல போயி எறங்குடா."

"எனக்கு பஸ்ஸே போதுங்க."

"தீர்மானம் நெறவேறிப் போச்சு" என்றார் தலைவர். பிறகு நான் அதை எழுதினேன்.

குறித்த நாளில் எட்டு மணிக்கு என்று தீர்மானித்து, எட்டரைக்குச் சற்று முன்பாகப் புறப்பட்டோம். ஓட்டியது தலைவர். முன்சீட்டில் அவர் பக்கத்தில் ஆண்டி, மடியில் சீர்த்தட்டுடன். இரண்டு ஆட்டை விற்று வாங்கிய தங்கத் தோடு இடுப்பு முடிச்சில் பத்திரமாக இருந்தது. பின்சீட்டில் சலவை வேட்டி கட்டிய நான், கையில் கடிகாரமும் சாதனைக் குறிப்பேடும். முதல் மூன்று மைல் இடி முழக்கத்தோடு ஓடினோம். அடுத்து ஓர் ஏற்றம். பாதி ஏற்றத்தில் எட்டு சிலிண்டர்களும் ஒருசேர ஓய்வுபெற, கார் பின்னோக்கி உருளத் தொடங்கியது. அந்த வேகத்தையும் நான் குறித்துக்கொண்டேன்.

ஆண்டி தட்டைச் சீட்டில் போட்டுவிட்டுக் குதித்தோடி, பின்பம்பருக்கு முதுகைக் கொடுத்தான். கார் நின்றது. தலைவர் பிரேக்கின் மேல் ஏறக்குறைய எழுந்தே நின்றார். அவர் காலை எடுத்தால் ஆண்டியின் கதை முடிந்துவிடும்.

"ஆராச்சும் எறங்கிச் சக்கரத்துக்கு ஒரு கட்டை போடுங்க சாமி" என்றான் ஆண்டி.

"ஏனுங்க செயலாளரே, கட்டை போடத் தெரியுங்களா?" என்றார் தலைவர்.

"அது லாரிக் கிளீனர் வேலையாச்சுங்களே. எனக்கெப்படிங்க தெரியும்?"

அந்த நேரம் பார்த்து எட்டரை பஸ் பின்னால் வந்தது. நவீன வாகனத்துக்குரிய எல்லாக் கேவலங்களும் அதற்கு இருந்தன. முக்கியமாக, அது ஓடிக்கொண்டிருந்தது. ஏற்றத்தில் நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்று டிரைவர் அதை நடைவேகத்தில் ஏற்றினார். கண்டக்டர் வெங்கடாசலம் படியில் நின்று கூப்பிட்டார்.

"ஏறிக்கிறியா ஆண்டி?"

"உட்டா வண்டி போயிருமுங்க."

அவன் ஒரு கையால் இடுப்பு முடிச்சை அவிழ்த்து, தோடு இருந்த பொட்டலத்தை நீட்டினான். கண்டக்டர் குனிந்து பறித்துக்கொண்டார்.

"எந்தங்கச்சிகிட்டக் குடுத்துருங்க. வந்துக்கிட்டே இருக்கறன்னு சொல்லுங்க."

ஒரு மணி நேரம் கழித்து ஓர் உழவு மாட்டு ஜோடி அந்த வழியே வந்தது. அவற்றைக் காரில் பூட்டி, பதினொன்றேகாலுக்கு ஆட்டையாம்பட்டியை அடைந்தோம். தலைவர் வழிநெடுக ஹாரன் அடித்துக்கொண்டே வந்தார். மாடுகள் அதைப் பொருட்படுத்தவில்லை.

குழந்தை அழுது ஓய்ந்து, காதில் தோட்டோடு தூங்கிக்கொண்டிருந்தது.

"ஒம்பதரை வரைக்கும் ரோட்டையே பாத்துக்கிட்டு இருந்தம்ணா" என்றாள் குஞ்சம்மாள். "நேரம் முடியப்போவுதுன்னு, தோடு கொண்டாந்த கண்டக்டரு மடியிலயே உக்கார வச்சுக் குத்திட்டாங்க."

ஆண்டி பந்தலிலேயே உட்கார்ந்து, அத்தனை சனத்துக்கும் முன்னால் அழுதான். "ரேஸுன்னா இதெல்லாம் சகஜம்டா" என்று தலைவர் தேற்றிவிட்டுப் பந்திக்குப் போனார். நானும் போனேன். பாயசம் நன்றாக இருந்தது.

அடுத்த கூட்டத்தில், 'ஏற்றத்தில் ஒரு மணி நேரம் அசையாது நின்ற உலகின் முதல் எட்டு சிலிண்டர் கார்' என்று சாதனை பதிவானது. ஆண்டி உறுப்பினர் இல்லை என்பதால் அவன் பெயர் ஏட்டில் இடம்பெறவில்லை.

கூட்டம் முடிந்து வெளியே வந்தேன். ஆண்டி காரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங்க, ஒரு கல்லை உருட்டிச் சக்கரத்துக்கு வெக்கறதுக்கு என்னங்க தெரியோணும்?" என்று கேட்டான்.

அப்போது பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன். சொசைட்டி வேலை கிடைப்பதற்கு முன் மூன்று வருடம் நாமக்கல்லில் நான் லாரிக் கிளீனராக இருந்தேன். கட்டை போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. கவுண்டருக்கு அது தெரிந்துவிடக் கூடாதென்றுதான் அன்று காரைவிட்டு நான் இறங்கவில்லை.