பெரட்டில் நாற்பத்தேழாம் எண்

பொழுதுபோக்கு வனத்தில் ஒரு மரம் விழக்கூடும் என்று எழுத்தில் தகவல் வந்தால், பதினான்கு வேலை நாட்களுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். இது விதி. மலேசியாவின் பேராக் மாநிலம் முழுவதிலும் இந்த விதியை நம்பிய ஒரே மனிதர் பெரட்டு அண்ணே. நான் நம்பியதில்லை. அதைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியவன் நான்.

ஈப்போவுக்கு வெளியே, ஆறும் சிறிய அருவியும் உள்ள அரசாங்க வனம் அது. அவர் அங்கே ஒப்பந்தக் காவலர். நான் அதை நிர்வகித்த அலுவலகத்தில் தலைமைக் கெராணி, அதாவது தலைமை எழுத்தர்; ஓய்வுக்கு முந்திய ஆண்டு. அவருடைய சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் இருந்தது, வேறெங்கும் இல்லை. ரப்பர்த் தோட்டத்தில் விடியற்காலை ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவதற்குப் பெரட்டு என்று பெயர். அவருடைய அப்பா கங்காணி. பெரட்டுப் புத்தகம் நனைந்து எழுத்து அழிந்தால் ஆட்களுக்கு அன்றைய கூலி போச்சு என்பதால், மழையில் அப்பா சட்டையைக் கழற்றிப் புத்தகத்துக்குப் போர்த்துவாராம். ரப்பர்த் தோட்டம் செம்பனைத் தோட்டமாகி, பிறகு வீட்டு மனையாகிப் போன பின்னும் மகன் பெரட்டை விடவில்லை. கூப்பிட ஆள் இல்லாததால் மரங்களைக் கூப்பிட்டார்.

எண் தகடு அடித்த மரங்கள் நூற்றுப் பன்னிரண்டு. தினமும் ஏழு மணிக்கு நீல அட்டைப் புத்தகத்தோடு கிளம்புவார். "அஞ்சு." அண்ணாந்து பார்ப்பார். "இருக்கான்." ஒரு கோடு. "ஆறு, இருக்கான். ஏழு... என்னலா, மறுபடியும் கரையானா?" ஒருமுறை திருடர்கள் எண்பதை அறுத்துக்கொண்டு போனார்கள். மாத அறிக்கையில், 'எண்பது, சொல்லாமல் வேலைக்கு வரவில்லை' என்று எழுதி அனுப்பினார். எங்கள் அதிகாரி என்னைக் கூப்பிட்டு, அந்த ஆளுக்குச் சம்பளம் பிடித்தாயிற்றா என்று கேட்டார்.

நாற்பத்தேழு, ஆற்றங்கரையில் நின்ற பெரிய மெரந்தி மரம். ஜனவரியில் அதைப் பற்றிக் கடிதம் வந்தது: 'நாற்பத்தேழு சாய்கிறான். வேரில் காளான். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் கீழே உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். மழைக்காலத்துக்கு முன் வெட்ட உத்தரவு வேண்டும்.' படிவம் இல்லை என்று திருப்பி அனுப்பினேன். படிவத்தோடு நேரில் வந்தார்.

"இதுல மரத்தோட வயசு கேக்குது, கெராணி ஐயா. அவன்கிட்டயே கேட்டுப் பாத்தேன், சொல்ல மாட்றான்."

"உத்தேசமா போடுங்க அண்ணே."

"அப்போ விழுற நாளையும் உத்தேசமா போட்றவா?"

மார்ச்சில் படிவம் முறைப்படி தலைமையகத்துக்குப் போனது. போனதோடு சரி.

அந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் மரப் பராமரிப்பு என்ற தலைப்பில் ஒரு காசுகூட ஒதுக்கவில்லை. பொழுதுபோக்கு என்ற தலைப்பில் தாராளமாக இருந்தது. ஒன்றில் இருப்பதை மற்றதற்கு மாற்ற முடியாது. ஆண்டு முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் மறு ஆண்டு அந்தத் தொகையை வெட்டிவிடுவார்கள். ஆகவே ஆகஸ்டில், வருகையாளர் உட்கார, ஆற்றங்கரையில் நல்ல நிழலான இடமாகப் பார்த்து ஒரு குடில் கட்டினோம். நிழல் நாற்பத்தேழுடையது.

பெரட்டு அண்ணே குடிலைச் சுற்றிப் பார்த்தார்.

"இதுக்கு மட்டும் உத்தரவு எப்படி ஐயா இவ்ளோ சீக்கிரம் வந்துச்சு?"

தலைப்புகளைப் பற்றி இருபது நிமிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார்.

"புரியுது ஐயா. அவன் எந்தத் தலைப்புல விழணும்னு சொல்லிட்டா, நானே அவன்கிட்ட சொல்லிட்றேன்."

இடத்தை மூடுவதற்கும் தலைமையக உத்தரவு வேண்டும். காவலருக்கு அந்த அதிகாரம் கிடையாது. ஆனால் காவலர் குடிலில் உட்காரக் கூடாது என்று எந்த விதியும் இல்லை. அவர் கேட்டபோது நான்தான் தேடிப் பார்த்துச் சொன்னேன். அடுத்த ஞாயிறு முதல், ஈரக் காட்டுக்குள் ஒரு சுற்று நடந்துவிட்டுக் குடிலின் நடுவில் வந்து உட்கார்ந்து, காலில் ஏறிய அட்டைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பால் டின்னில் போட ஆரம்பித்தார்.

"அண்ணே, அத அந்தப் பக்கம் போய் செய்யக் கூடாதா? பிள்ளைங்க சாப்பிடுது" என்றார் புந்தோங்கிலிருந்து வந்த ஓர் அம்மா.

"இன்னும் பதினோரு அட்டை இருக்கு தங்கச்சி. பாலத்துக்கு அப்பால போங்க, நல்ல காத்து வரும்."

கைப்பேசிப் படங்களோடு மூன்று புகார்கள் வந்தன. மூன்றுக்கும் பதினான்கு வேலை நாட்களுக்குள் பதில் போட்டேன். பெரட்டு அண்ணேவுக்கு ஒரு விளக்கம் கேட்கும் கடிதமும் போட்டேன். 'அட்டைகள் தாமாகவே வருகின்றன' என்று பதில் எழுதினார். அவரிடமிருந்து வந்த கடிதங்களில் படிவக் குறை எதுவும் இல்லாதது அது ஒன்றுதான்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, மத்தியானமே இருட்டிக்கொண்டு வந்தது. அட்டைகளுக்குப் பயப்படாத ஒரு குடும்பம் அன்றைக்குக் குடிலில் இருந்தது. அந்த வீட்டுக்காரர் பிறகு என்னிடம் சொன்னார்: "காத்து அடிச்சதும் எங்கள எழுப்பித் தொரத்துனாரு சார். சோத்துப் பானைய எடுக்கவும் விடல. கார் வரைக்கும் கொண்டாந்து விட்டுட்டு, 'ஐயோ, புத்தகம் அங்க நனையுது'ன்னு திரும்பிப் போனாரு. நான் கூப்பிட்டேன் சார். கேக்கல."

நாற்பத்தேழு குடிலின் மேல்தான் விழுந்தான். வேறு யாருக்கும் ஒரு கீறலும் இல்லை.

புத்தகம் அவர் சட்டைக்குள் இருந்தது. ஓரம் மட்டும்தான் நனைந்திருந்தது. எந்தப் பட்டியலிலும் சேராத பொருள் என்பதால் என் மேசைக்கு வந்தது. அன்று காலைப் பக்கத்தைப் பார்த்தேன். 'நாற்பத்தேழு, இருக்கான். முனகுறான்.'

தலைமையகத்திலிருந்து பதிலும் வந்தது. மரத்தை வெட்ட அனுமதி அளிக்கப்படுகிறது. பணி நடக்கும்போது வனக் காவலர் தவறாமல் உடனிருக்க வேண்டும் என்றது. வந்த கடிதத்துக்கு எண் போட்டு, உள்வரவுப் பதிவேட்டில் ஏற்ற வேண்டும். என் பணிக்காலத்தில் நான் ஏற்றாமல் விட்டது அந்தக் கடிதத்தை மட்டும்தான். நீலப் புத்தகத்தை எடுத்து, நூற்றுப் பன்னிரண்டுக்குக் கீழே, சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்த அவருடைய சொந்தப் பெயரை எழுதினேன். பக்கத்தில் 'இருக்கார்' என்று போட்டேன். ஓரத்தில், பதில் வந்த நாளைக் குறித்தேன்: திங்கட்கிழமை, அவருடைய கருமாதியன்று.