மயிலுக்கு ஒரு சிவப்புக் கோடு

கோவில்பட்டி வட்டாரத்தில் அடுத்தவர் நேரத்தை அதிகம் தின்றவர் யார் என்று போட்டி வைத்தால், எங்கள் ‘ரெண்டு நிமிசம்’ அண்ணாச்சியை எதிர்த்து நிற்க ஆளே கிடைக்காது. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்றும் இருந்தது. சம்பள நாளில் மட்டும் அது வெளியே வரும்.

இடைசெவல் போகிற வழியில் ஒரு தீப்பெட்டி ஆலை. அதில் அவர் ஃபிட்டர், நான் மேனேஜர். மிஷின் நின்றால் ஐந்தே நிமிடத்தில் ஓட வைத்துவிடுவார். அதற்குப் பிறகுதான் வினை. கையில் எண்ணெய்ப் பிசுக்கோடு ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார்.

“சார், ரெண்டு நிமிசம் வாங்க. ஒண்ணு காட்டுதேன்.”

போனால் வேலியோரம் ஒரு ஓணான் தலையாட்டிக்கொண்டிருக்கும். அவருடைய ரெண்டு நிமிடத்துக்குள் ஒருத்தர் பஸ் பிடித்து மதுரைக்கே போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஒரு சித்திரையில், பாதி நேரத்தில் வேலையை முடிக்கும் புது மிஷினை விற்பதற்கு ஒருவர் தேய்த்த சட்டையோடு வந்தார். அண்ணாச்சி அவரையும் விடவில்லை. ஆலைக்குப் பின்னால் கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. வெடிப்புக்குள் கல்லைப் போட்டு, அது அடியில் போய் விழும் சத்தத்தைக் கேட்கச் சொல்லியிருக்கிறார். நான் தேடிப் போனபோது அந்த மனிதர் குப்புறப் படுத்துத் தரையில் காதை வைத்திருந்தார். சட்டையெல்லாம் மண். கடைசியில் மிஷின் விலையைக்கூடச் சொல்லாமல் ஊருக்குப் போய்விட்டார்.

எனக்குப் பொறுக்கவில்லை. அப்போது நான் நேரத்தை மிச்சப்படுத்துவது எப்படி என்று செல்போனில் வீடியோ பார்த்துப் பார்த்து, பல் தேய்க்கக்கூட அலாரம் வைத்திருந்த ஆள். எல்லோருக்கும் வேலைச் சீட்டு அடித்துக் கொடுத்தேன். எத்தனை மணிக்கு என்ன செய்தோம் என்று கட்டத்தில் எழுதித் தர வேண்டும்.

அண்ணாச்சிக்குப் பொய் எழுத வராது. முதல் நாள் சீட்டு இப்படி இருந்தது: ‘10.30 பெல்ட் மாற்றியது. 10.50 மயில் தோகை விரித்தது, நின்று பார்த்தது. 11.20 வெடிப்புக்குள் கல் போட்டது. சத்தம் வரவில்லை. 11.25 வேறு கல் போட்டது.’

மயிலுக்கும் கல்லுக்கும் சிவப்பு மையில் கோடு போட்டுத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதைப் படித்துவிட்டு என் மேஜைமேலேயே திரும்ப வைத்தார்.

“மயில எழுத வேண்டாமா சார், பாக்க வேண்டாமா?”

“ரெண்டும் வேண்டாம் அண்ணாச்சி” என்றேன். அதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

அன்றோடு சரி. சொன்னால் சொன்னபடி கேட்கிற மனிதர் அவர். அதற்குப் பிறகு சீட்டில் பெல்ட், பேரிங், எண்ணெய் தவிர வேறொன்றும் இல்லை. யாரையும் கூப்பிடவுமில்லை. உற்பத்தி கூடியதா என்றால், ஒரு குச்சிகூடக் கூடவில்லை. மத்தியானங்கள்தான் நீண்டுபோயின. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் ஆசையாகத் தலையைத் தூக்குவேன். யாராவது கையெழுத்து வாங்க வந்திருப்பார்கள்.

புரட்டாசியில் முதல் மழை பெய்தது. மழை வந்தால் குச்சி காயாது, மேனேஜருக்கு வயிற்றெரிச்சல்தான். அன்று என்னவோ ஜன்னல் வழியே பார்த்தேன். காட்டு வெடிப்புகள் தண்ணீரை மடக் மடக்கென்று குடித்துக்கொண்டிருந்தன. அண்ணாச்சியைத் தேடி ஷெட்டுக்கு ஓடினேன்.

“அண்ணாச்சி, ரெண்டு நிமிசம் வாங்க. மழை பாப்போம்.”

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைக்காமலே கேட்டார்: “சீட்டுல என்னன்னு எழுத, சார்?”

கேலி இல்லை. மெய்யாகவே தெரியாமல்தான் கேட்டார். பேரிங் வேலை பாக்கி கிடக்கிறது, நீங்கள் பார்த்துவிட்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டு மிஷின் பக்கம் குனிந்துகொண்டார்.

தனியாகப் போய் நின்றேன். நனைந்ததுதான் மிச்சம். எங்கே பார்க்க வேண்டும் என்று விரல் நீட்ட ஆள் இல்லாமல் எனக்கு மழை பார்க்கத் தெரியவில்லை.

போன தை மாதம் அவர் ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அந்த முதல் நாள் சீட்டு இன்னும் என் டிராயரில் இருக்கிறது. சிவப்புக் கோட்டை மட்டும் பிளேடால் சுரண்டிப் பார்த்தேன். மயிலும் சேர்ந்து கிழிகிறது.

அண்ணாச்சி, இது உங்கள் கண்ணில் பட்டால் ஒரு போன் போடுங்கள். வெறும் ஓணானாக இருந்தாலும் பரவாயில்லை. அரை நாள் லீவு போட்டுவிட்டு வருகிறேன்.