அத்தையின் பூச்சியம்

இங்கிலீஷ் வாசிக்கத் தெரிந்தவனுக்கு இரத்தத்தையும் வாசிக்கத் தெரியும் என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தார் நம்பினார்கள். நான் அதை ஒருநாளும் மறுத்ததில்லை. (மறுத்தால் பிளேன்டீயும் முறுக்கும் யார் தருவது?) ஏ.எல். பரீட்சையில், உயிரியலில் ஒரு சாதாரண சித்தி. அந்த ஒற்றைத் தகுதியோடு, யட்டியாந்தோட்டைக்கு மேலே நாலு லயத்து வீடுகளுக்கும் இரத்த ரிப்போர்ட் பார்த்துச் சொல்லும் பெரிய மனுஷனாக உலா வந்தேன்.

என் முறை சுலபமானது. ரிப்போர்ட்டில் ஒரு பக்கம் நமக்கு இருக்கும் அளவு, பக்கத்தில் இருக்கவேண்டிய இயல்பு அளவு. கொழுந்து நிறுப்பதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இதில் என்ன கஷ்டம்? சொன்ன கிலோ இருந்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர், அதாவது அன்றைய வேலையில் பாதிதான் பதிவாகும். இரத்தத்தையும் நான் அப்படித்தான் நிறுத்தேன். குறைவு என்றாலே குற்றம்.

என் அத்தைக்குக் கை மூட்டுகளில் வாதம். விரல்கள் வீங்கி மடங்க மறுத்ததால் கொழுந்து பறிப்பதையே விட்டிருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் நரம்பு வழியாக ஏதோ விலை கூடிய மருந்து ஏற்றினார்கள். சில வாரம் கழித்து இரத்தம் எடுத்துப் பார்த்த ரிப்போர்ட் என் கைக்கு வந்தது. பி செல் என்ற வரிக்கு நேரே பூச்சியம். ஒன்றில்லை, அரையில்லை, சுத்தமான பூச்சியம். பக்கத்தில் ‘குறைவு’ என்ற அடையாளம் வேறு.

ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நோய்க்கிருமியை எதிர்க்கும் பொருளை உண்டாக்குவது பி செல் என்று எப்போதோ மனப்பாடம் செய்த ஞாபகம். அது இல்லாமல் மனுஷி எப்படி உயிரோடு நடமாடுகிறாள்?

“டொக்டர் பாத்துட்டு ‘ஹரி ஹொந்தய்’னு சிரிச்சாரேடா, ரொம்ப நல்லதுன்னு,” என்றார் அத்தை.

“பொழைக்க மாட்டாங்கன்னு தெரிஞ்சவங்ககிட்ட அப்படித்தான் சொல்வாங்க அத்தை,” என்றேன். (ஆம், அவர் முகத்துக்கு நேரேயே சொன்னேன்.)

அடுத்த ஞாயிறு அத்தை மகள் பவானிக்குப் பரிசம் போட வரக்காப்பொலப் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. மூன்று இடம் தட்டிப்போய் அமைந்த சம்பந்தம். நான் விடுவேனா? அத்தைக்கு மாஸ்க் மாட்டி உள்காம்பிராவில் உட்காரவைத்தேன். அந்த அறை வாசலுக்குக் குறுக்கே துணி காயப்போடும் கயிற்றைக் கட்டினேன். அத்தை வாயைத் திறந்தபோதெல்லாம் “பேசாதீங்க, தெம்பு போயிடும்” என்று அடக்கினேன்.

தட்டுகளோடு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்தி, வரிசையாகச் சவர்க்காரம் போட்டுக் கை கழுவவைத்தேன். மாப்பிள்ளையின் அப்பா கயிற்றைப் பார்த்தார்.

“சம்பந்தியம்மா எங்க தம்பி?”

“உள்ளதாங்க. ரத்தத்துல பி செல் சைபருங்க.”

“ஒட்டுற வியாதியா?”

“சேச்சே, ஒட்டாதுங்க. நாள்தான் சொல்ல முடியாது.”

ஆறுதல் சொன்னதாகவே நினைத்துக்கொண்டேன். ஆனால் கீழே வைக்கப்போன தட்டுகள் அந்தரத்தில் நின்றன. மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைச் செருமினார். “வீட்ல இப்படி ஒரு நெலமையில எதுக்கு அவசரப்படணும்? நாங்க இன்னொரு நாளைக்கு வாறோங்க.” அந்த இன்னொரு நாள் வராது என்பது எனக்கே புரிந்தது. பவானி என்னைப் பார்த்த பார்வையை இன்றைக்கும் என்னால் நேராக நினைத்துப்பார்க்க முடியவில்லை.

அப்போது அத்தை கயிற்றைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார். போன் நம்பர் எழுதியிருந்த கிளினிக் கொப்பியைப் பவானியிடம் நீட்டி, “மிஸ்ஸுக்கு கோல் எடு. எல்லாருக்கும் கேக்குற மாதிரி வை,” என்றார்.

கிளினிக் மிஸ், அதாவது அங்குள்ள நர்ஸ், மாவனல்லைக்காரர். நான் ரிப்போர்ட்டை வாசித்து முடித்ததும் அவர் சிரித்தார்.

“தம்பி, அந்த மருந்து ஏத்தினதே பி செல்ல இல்லாமப் பண்ணத்தான். அதுல சிலது வழிதவறிப் போய்த்தான் அவங்கட சொந்த மூட்டையே தாக்கிச்சு. சைபர் வந்தா மருந்து புடிச்சிருக்குன்னு அர்த்தம். அந்த இயல்பு அளவு மருந்து ஏத்தாத ஆக்களுக்கு.”

“அப்ப உசுருக்கு…?”

“ஒண்ணுமில்ல. காய்ச்சல் வந்தா ஒடனே கூட்டிட்டு வாங்க. ஆள் கூடுற எடத்துல மாஸ்க் போடட்டும். மாஸ்க் போட்டிருக்காங்களா?”

“போட்டிருக்காங்க மிஸ். கயிறும் கட்டியிருக்கேன்.”

“கயிறா? அது எதுக்கு?”

மாப்பிள்ளையின் அப்பா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “சைபர் எடுத்தவங்களுக்கு முழுப் பேர் போடுற எடத்த இன்னைக்குத்தான் பாக்குறேன்!” என்றபடி தட்டுகளைக் கீழே வைக்கச் சொன்னார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அத்தை என்னை அருகில் கூப்பிட்டார். ஆசீர்வதிக்கப்போகிறார் என்று குனிந்தேன். ஐந்து விரலையும் இறுக்கி மடக்கி, உச்சந்தலையில் ‘ணங்’கென்று ஒரு குட்டு வைத்தார்.

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வலியில்தான். தலையைத் தேய்த்துக்கொண்டு நிமிர்ந்தபோது, எல்லாரும் அத்தையின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருஷமாக மடங்காத விரல்கள்.

பவானிக்கு இப்போது ஒரு மகன் இருக்கிறான். அத்தை கிளினிக் போய் வரும் ஒவ்வொரு முறையும் வீட்டில் யாரும் ரிப்போர்ட்டைப் பிரிப்பதில்லை. “மாமா, குனிங்க!” என்று அந்தப் பொடியன்தான் முதலில் கத்துவான். நானும் அத்தையின் குட்டுக்குக் குனிகிறேன். பலமாக வலிக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான்.