ஜூஜுவாடிக்கு அப்பால் மலிவு

ஜூஜுவாடியைத் தாண்டி கர்நாடகத்துக்குள் காலை வைத்துவிட்டால் எல்லாமே மலிவு என்று நம்பும் ஓர் இனம் ஓசூரில் வாழ்கிறது. தோற்றத்தை வைத்து இவர்களைக் கண்டுபிடிக்க முடியாது. உங்களையும் என்னையும் போலத்தான் இருப்பார்கள். வாயைத் திறந்தால் தெரிந்துவிடும். நீங்கள் ஆசையாக ஒரு குடை வாங்கி வருகிறீர்கள். "எவ்ளோ?" என்று கேட்பார்கள். சொல்வீர்கள். உடனே ஒரு பெருமூச்சு வரும். துக்க வீட்டில்கூட அப்படி ஒரு பெருமூச்சை நீங்கள் கேட்டிருக்க மாட்டீர்கள். எல்லை தாண்டியதும் வரும் ஊரைச் சொல்லி, "அத்திப்பள்ளில கேட்டிருக்கலாம்ல" என்பார்கள். அவ்வளவுதான், குடை செத்தது. இனி எந்த மழையில் அதை விரித்தாலும் ஏமாந்த நினைப்புதான் உங்கள் தலையில் சொட்டும்.

இந்த இனத்தைக் கலப்படமில்லாமல் பார்க்க வேண்டுமானால் மாணவப் பருவத்தில் பார்க்க வேண்டும். செலவாவது அம்மாவின் பணம், மிச்சம் பிடித்த பெருமை தன்னுடையது என்று வாழக் கொடுத்துவைத்த பருவம் அது ஒன்றுதானே?

இளம்பரிதியை எடுத்துக்கொள்ளுங்கள். உத்தனப்பள்ளிக்காரன், ஓசூரில் பாலிடெக்னிக் கடைசி வருடம். பேனாவுக்கு ரீஃபில் வாங்க எல்லை தாண்டியவன். பத்து ரூபாய் டீயை யாராவது வாங்கிக் கொடுத்தால்தான் குடிப்பான். ஆனால் போனில் 'இந்தத் தள்ளுபடி இன்னும் இரண்டு மணி நேரம்தான்' என்று ஒரு வரி மின்னினால் போதும், கழுத்தில் மாட்டிக்கொள்ளும் குட்டி மின்விசிறி ஒன்றுக்கு இரண்டாக வீடு வந்து சேரும்.

"எதுக்குடா ரெண்டு? உனக்கு ரெண்டு கழுத்தா?" என்று அவன் நண்பன் சமியுல்லா கேட்டான்.

"ஒண்ணு வாங்கினா நூறு ரூபா மிச்சம். ரெண்டு வாங்கினதால எரநூறு மிச்சம்டா."

"அஞ்சாறு வாங்கியிருந்தீன்னா இந்நேரம் பணக்காரனாயிருப்ப."

இளம்பரிதி அதையும் ஒரு கணம் யோசித்துப் பார்த்தான் என்பதுதான் கொடுமை.

இப்படிப்பட்டவன் வாழ்க்கையில் ஒரு ஜோடி ஷூ குறுக்கிட்டது. சிப்காட்டில் ஒரு கம்பெனி பயிற்சிக்கு ஆள் எடுத்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு நேர்காணல்; கருப்பு ஷூ கட்டாயம்; செருப்போடு வருகிறவர்கள் அப்படியே திரும்பிப் போகலாம். கிடைத்தால் மாதச் சம்பளம். ரோஜாப் பண்ணையில் நாளெல்லாம் நின்று பூவைத் தரம் பிரிக்கும் அவன் அம்மா நிர்மலா உட்கார்ந்து மூச்சு வாங்கலாம். முள் கீறிய அந்த விரல்களால் ஆயிரம் ரூபாயை எடுத்து நீட்டியபோது அவள் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்.

"ஓசூர்லயே வாங்கிக்க சாமி. எங்கயும் சுத்தாத."

தலையாட்டினான். இந்த இனம் எப்போதும் தலையாட்டும்.

ஓசூரில் கடைக்கா பஞ்சம்? சமியுல்லாவின் அப்பா ஃபக்ருதீன் வைத்திருப்பதே செருப்புக் கடைதான். சில்லறையும் உண்டு, மொத்த வியாபாரமும் உண்டு.

"எங்க கடையில எழுநூத்தம்பது. அத்தாகிட்ட சொல்லி எழுநூறு பண்ணித் தரேன், வாடா" என்றான் சமியுல்லா.

"உங்க அத்தாகிட்ட பேரம் பேச முடியாதுடா. முகத்தப் பார்த்தா பாவமா இருக்கும்."

"அப்ப பேசாம குடுத்துட்டுப் போ."

பேரம் பேசாமல் வாங்குவதா? அதற்கு வெறுங்காலோடு நடக்கலாம் என்று இளம்பரிதிக்குத் தோன்றியது. மேலும் அவன் மனத்தில் ஒரு மகாதிட்டம் இருந்தது. முதல் போணி. கடை திறந்ததும் வருகிற முதல் ஆளை வெறுங்கையோடு அனுப்பினால் அன்றைய வியாபாரமே படுத்துவிடும் என்று கடைக்காரர்கள் பயப்படுவார்கள் அல்லவா? அந்தப் பயம்தான் இந்த இனத்தின் மூலதனம். சனிக்கிழமை அத்திப்பள்ளிக்குப் போனான். அவனுக்கு முன்பே ஒரு பெரியவர் குழந்தைச் செருப்பு வாங்கிப் போணியைக் கெடுத்திருந்தார். பகையாளியைப் பார்ப்பதுபோல் அவரைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். ஞாயிறு கடை விடுமுறை. மிச்சமிருந்தது திங்கட்கிழமை.

ஆமாம், நேர்காணல் நடக்கிற அதே திங்கட்கிழமைதான்.

காலை ஏழரைக்கே மூடிய ஷட்டருக்கு முன்னால் நின்றான். பசித்தது. நகர்ந்தால் இடம் போய்விடுமே! செருப்பைக் கழற்றிக் கடை வாசலில் இடம் பிடிக்க வைத்துவிட்டு, வெறுங்காலோடு எதிர் ஓட்டலுக்குப் போய், செருப்பின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் மசால் தோசையும் வடையும் காபியும் சாப்பிட்டான். பசிக்குச் சாப்பிட்டதைச் செலவில் சேர்ப்பது பாவமில்லையா?

கடைக்காரர் ராமப்பன் ஒன்பது மணிக்கு வந்தார். வாசலில் கிடந்த செருப்பைப் பார்த்தார். அவனைப் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது.

"ஏனு பேகு? என்ன வேணும்? ஷூவா? எழுநூத்தம்பது."

"ஐந்நூறுன்னா குடுங்கண்ணா. மொத போணி."

"ஐந்நூறுக்கு டப்பாதான் வரும் தம்பி."

அரை மணி நேரம் பேசினார்கள். இரண்டு முறை கோபித்துக்கொண்டு படி இறங்கினான். ராமப்பனின் முகம் இரண்டு முறையும் வெளிறியது. கடைசியில் அறுநூற்று நாற்பதுக்கு இறங்கினார். அப்போது இளம்பரிதியின் கண்ணில் தெரிந்த ஒளியை, தலைப்பிள்ளையைக் கையில் வாங்கும் தகப்பன்மார் முகத்தில்தான் பார்க்க முடியும். சமியுல்லா சொன்ன விலையைவிட அறுபது ரூபாய் மிச்சம்!

நெடுஞ்சாலையில் லாரிகள் ஒன்றின் முதுகை ஒன்று முட்டிக்கொண்டு நின்றன. பஸ் நகரவில்லை. மணி பத்தாகப் போகிறது. குதித்து இறங்கி ஆட்டோ பிடித்தான். முந்நூறு ரூபாய். அவசரத்துக்கு யார் விலை பார்ப்பார்கள்?

சந்து சந்தாகப் புகுந்து ஓடிய ஆட்டோவில் ஷூ மாட்டப் பெட்டியைத் திறந்தவன் திகைத்துப்போனான். மூடியின் உள்பக்கம் நீல மையில் '8' என்று எழுதி, அதற்கு வால் வைத்து ஒரு சுழி. மூன்று வருடமாக அவன் ரெக்கார்டு நோட்டுக்குப் பார்த்துப் பார்த்துக் காப்பியடித்த கையெழுத்து அல்லவா அது! சமியுல்லா தன் கடையில் உட்கார்ந்து அளவு எழுதி, மொத்த வியாபாரத்தில் எல்லை தாண்டி அனுப்பிய பெட்டி. ஒரே ஊரில் இருந்த ஷூவும் அவனும் விதியால் பிரிக்கப்பட்டு, அடுத்த மாநிலத்தில் சந்தித்து, இப்போது ஒன்றாக ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்கள்.

கம்பெனியை அடைந்தபோது மணி பத்து இருபத்தைந்து. மனிதவளப் பிரிவின் சுசித்ரா மேடம் நிமிரவே இல்லை.

"பத்து மணிக்கு மேல வந்தா உள்ள விட மாட்டோம். லெட்டர்ல தெளிவா போட்டிருக்கு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த ராஜசேகர் சார், கொள்முதல் பிரிவு அதிகாரி, இரக்கத்தோடு கேட்டார்.

"ஏம்பா லேட்டு?"

"ஷூ வாங்கப் போனேன் சார். அத்திப்பள்ளிக்கு."

ராஜசேகரின் முகம் மாறியது. "எவ்ளோக்கு எடுத்த?"

"அறநூத்தி நாப்பது சார். மொத போணி."

அவர் குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டார். அதே ஷூ. ஓசூரில் வாங்கியது. ஒரு நீண்ட பெருமூச்சு. "உள்ள வா" என்றார்.

தொழில் பற்றி மூன்று நிமிடம் கேட்டார். மீதி நேரமெல்லாம் ஷூதான். தையல் எப்படி, எந்த விலையில் ஆரம்பித்தார்கள், எத்தனை முறை படி இறங்கினாய். சுசித்ரா மேடம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"போக வர, சாப்பாடு, எல்லாம் சேத்து எவ்ளோ ஆச்சு?"

"அது தனிங்க மேடம்."

"அது தனிதான் சுசித்ரா" என்றார் ராஜசேகர்.

மாலை நான்கு மணிக்குப் பட்டியல் ஒட்டினார்கள். பழைய ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு அதே நேர்காணலுக்கு ஒன்பதரைக்கே வந்து உட்கார்ந்திருந்த சமியுல்லாவின் பெயர் மூன்றாவதாக இருந்தது. இளம்பரிதியின் பெயர் இல்லை. நேரம் தவறாமைக்கு சுசித்ரா மேடம் போட்ட பூஜ்யம் அவனை அடித்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அம்மா கூப்பிட்டாள்.

"ஷூ சரியா இருக்குதா சாமி? காலக் கடிக்குதா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"கடிக்கலமா" என்றான்.

சமியுல்லா வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். "ஆறு மாசத்துல அடுத்த பேட்ச் எடுக்கறாங்களாம்டா. விடு."

இளம்பரிதி கண்ணைத் துடைத்துக்கொண்டான். குனிந்து ஷூவைப் பார்த்தான். முகம் மெல்லத் தெளிந்தது. "அப்ப, அடுத்த தடவ ஷூ வாங்கற செலவு மிச்சம்."

அப்போது அவன் தோளில் ஒரு கை விழுந்தது. ராஜசேகர் சார். இரண்டொரு ஆறுதல் வார்த்தை சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று எழுந்து நின்றான். அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அந்தக் கடைய காலைல எத்தன மணிக்குத் தொறப்பாங்க?"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இவ்வளவு சொன்னவர் ராமப்பன் கடை அத்திப்பள்ளியில் எந்தத் தெருவில் இருக்கிறது என்று சொல்லவில்லையே என ஒரு குறை உங்கள் மனத்தில் எட்டிப் பார்த்திருந்தால், இதுவரை படித்தது உங்களைப் பற்றித்தான். வருத்தம் வேண்டாம். விடிந்ததும் போனால் நீங்களே கண்டுபிடித்துவிடலாம். மூடிய ஷட்டருக்கு முன்னால், உங்களுக்கு முன்பே, ஒரு ஜோடி கருப்பு ஷூ இடம் பிடித்திருக்கும்.